வலி போனதும் ஓடலாமா?

"ஐயா, வலி நேத்தே போயிடுச்சு. வர்ற வாரம் மாவட்டப் போட்டி. ரெண்டு நாள் எண்ணெய் போட்டு நீவி விட்டீங்கன்னா ஓடிடுவா!"

பத்தாம் வகுப்பு மகளோடு வந்த ஒரு தாய் சொன்னது இது. அந்தப் பெண்ணுக்கு ஓடும்போது தொடையின் பின்புறம் சுண்டி இழுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அதுவும் இரண்டாவது தடவை. முதல் தடவை 'நரம்பு பிசகு' என்று வீட்டிலேயே நீவி விட்டார்களாம்.

அது நரம்பு அல்ல, தசை. வேகமாக ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், பின்தொடைத் தசை நீண்டபடியே காலை இழுத்துப் பிடிக்கிறது. தசைநார் அறுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். நடக்கும்போது அந்த இழுப்பு இல்லை. அதனால், நம் ஊர் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் வலியின்றி நடந்துவிட்ட பிள்ளை, 100 மீட்டர் ஓட்டத்தில் பாதியிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

ஹிமா தாஸை நினைவிருக்கிறதா? அசாமின் திங் ஊர்ப் பெண். 2018-ல் பின்லாந்தில், 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 400 மீட்டர் தங்கம். அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 50.79 விநாடியில் வெள்ளி, தேசிய சாதனையும்கூட. மறு ஆண்டே முதுகுவலி. தோஹா உலகப் போட்டி போயிற்று. 2021 ஜூனில் பாட்டியாலாவில் 100 மீட்டர் தகுதிச் சுற்றில் பின்தொடை பிடித்துக்கொண்டது. டோக்கியோ ஒலிம்பிக்கும் போயிற்று. தேசிய அளவில் கவனிப்பு உள்ளவருக்கே இப்படி என்றால், நம் வீட்டுப் பிள்ளைக்கு?

ஒரு தடவை அறுந்த தசை மறுபடி அறுவதற்கு வாய்ப்பு அதிகம். எண்ணெய் வைத்தியனான நானே சொல்கிறேன்: முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், சுடு ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ், அளவான கட்டு, ஓய்வு போதும். தோல் கறுத்துப்போனாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தைலமும் தொக்கணமும் பிறகு வரட்டும். அவை இறுக்கத்தைத் தளர்த்தும், பலம் தராது. (உளுந்தங்களி? கொடுங்கள், நல்ல உணவு. அறுந்த தசையை அது ஒட்ட வைக்காது.) பலத்துக்குப் பயிற்சிதான் வழி. வலி அடங்கியபின், மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னே சாய்க்கும் பயிற்சியைப் பயிற்சியாளர் மேற்பார்வையில் செய்யலாம். அப்புறம் அரை வேகம், முக்கால் வேகம், கடைசியில்தான் முழு வேகம். லேசான காயத்துக்கே இரண்டு மூன்று வாரம் ஆகும். பெரிய காயத்துக்கு மாதங்கள்.

"இந்த வருஷம் போச்சுன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் போச்சே!" என்று அந்தத் தாய் அழுதேவிட்டார். எனக்கும் சங்கடம்தான். மாவட்டப் போட்டியை அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்துதான் பார்த்தாள். இப்போது ஏழாவது வாரம். முக்கால் வேகத்தில் ஓடுகிறாள். அம்மாவுக்கு என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை.