கரும்பலகையும் கண்ணாடித் திரையும்



நம் வணிகப் பெருமக்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புதுச் சரக்கு வந்தால் முதலில் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள். தரம் தெரிந்த பிறகுதான் பத்து மூட்டைக்கு ஆர்டர் கொடுப்பார்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்பு என்று வரும்போது மட்டும் இந்த எச்சரிக்கை எங்கோ போய்விடுகிறது. "பையனுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டேன், இனி அவன் பாடு" என்னும் பேச்சை மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் கேட்கிறோம், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கேட்கிறோம். அவன் பாடு என்னவாகிறது என்று திரும்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆகவே இவ்விதழில் இப்பொருளைக் கணக்குப் பார்க்கும் முறையிலேயே ஆராயத் துணிந்தோம்.

முதலில் நாட்டின் பேரேட்டைப் புரட்டுவோம். வகுப்பறைக்குள் கணினியைக் கொண்டுவரும் முயற்சி மலேசியாவில் நேற்று முளைத்ததன்று. 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியபோது, அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக "செகோலா பெஸ்தாரி" என்னும் விவேகப் பள்ளித் திட்டமும் இடம் பெற்றது. 1999 முதல் 2002 வரை 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அது சோதனையாக நடத்தப்பட்டது. பின்னர் 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்டபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அதன்பின் வந்ததுதான் யாவற்றிலும் பெரிது. நாட்டிலுள்ள சுமார் 10,000 பள்ளிகளுக்கும் இணைய இணைப்பும் இணைய வகுப்பறையும் தருவதாக 2011-இல் ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் கையெழுத்தாயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்ட அதன் மதிப்பு 4 பில்லியன் வெள்ளிக்கும் மேல்.

என்ன ஆயிற்று? தலைமைக் கணக்காய்வாளர் 2013-ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் கண்டெழுதியது இது: அந்த இணைய வகுப்பறையை ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகிய மூன்று சாராரும் பயன்படுத்திய அளவு ஐந்து சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. திட்டம் 2019 ஜூன் மாதத்தோடு நின்றது. அடுத்த மாதமே கல்வியமைச்சு கூகிள் வகுப்பறைக்கு மாறிக்கொண்டது. கடையைத் திறந்து, விளக்குப் போட்டு, அலமாரி நிறையச் சரக்கு அடுக்கியும் வாடிக்கைக்காரர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? இன்னும் இரண்டு விளக்குப் போட மாட்டோம். வாடிக்கைக்காரருக்கு என்ன தேவை என்று விசாரிப்போம். பாடம் நடத்தும் ஆசிரியருக்குப் பயிற்சியும் ஓய்வு நேரமும் இல்லாவிட்டால் எந்தக் கருவியும் அலமாரிப் பொருளாகிவிடும் என்பதே எமது கணிப்பு.

நிற்க. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் அடைபட்டன. அதுவரை அலமாரியில் இருந்தது ஒரே இரவில் அத்தியாவசியப் பண்டமாயிற்று. கல்வியமைச்சு அப்போது பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், 36.9 சதவிகித மாணவர்களிடம் எவ்விதக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 சதவிகிதம் மட்டுமே. நம் வீடுகளின் நிலையும் இதற்கு விலக்கல்ல. கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி. அதுவும் ஆர்டர் எடுப்பதற்காகப் பகலெல்லாம் அத்தாவோடு கடையில் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு அத்தா வீடு திரும்பிய பிறகுதான் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு பாடங்களைப் பார்த்தார்கள். கடைசி முறைக்காரி பத்து வயதுப் பெண். தன் முறை வருவதற்குள் தூங்கிப் போய்விடுவாள். அவள் அந்த ஓராண்டில் இழந்ததை எந்த ஐந்தொகையில் எழுதுவது?

அரசாங்கம் வாளாவிருந்துவிடவில்லை. 2020 ஜூனில் டெலிமா என்னும் கல்வித் தளம் திறக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி ஒளிபரப்புத் தொடங்கிற்று. அதே காலத்தில் செர்டிக் என்னும் திட்டத்தின்கீழ் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 ஏழை மாணவர்களுக்குக் கருவிகள் வழங்க ஏற்பாடாயிற்று. 2023 நவம்பரில் மின்னியல் கல்விக் கொள்கையும் வெளியிடப்பட்டது. இவையெல்லாம் பாராட்டத்தக்கவையே.

இனி, கருவி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு நம் மதரஸாவே நல்ல உதாரணம். அடைப்புக் காலத்தில் ஹழரத்மார்கள் திரை வழியாகக் குர்ஆன் ஓதிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை தனியே ஓத, ஹழரத் கேட்டுத் திருத்தும்போது காரியம் நன்றாகவே நடந்தது. இருபது பிள்ளைகள் சேர்ந்து ஓதத் தொடங்கியதும் எல்லாம் குழம்பிப் போயிற்று. ஏனென்றால் ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வந்து சேருகிறது. ஒரு குரல் எழும்போது மற்றக் குரல்களைக் கருவி தானே அமுக்கிவிடுகிறது. இணைப்பு இளைத்திருந்தால் ஸீனுக்கும் ஸாதுக்கும் வித்தியாசம் தெரியாது. அதே ஹழரத் நேரில் உட்கார்ந்தால், நாக்கு எங்கே படுகிறது என்று பிள்ளையின் வாயைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

வகுப்பறைக்கும் இதுவே பொருந்தும். 2022-இல் நடந்த பிசா என்னும் அனைத்துலகத் தேர்வின்போது மாணவர்களிடம் ஒரு விசாரணை செய்தார்கள். கணிதப் பாட வேளையில் கருவியால் கவனம் சிதறுவதுண்டு என்று, வளர்ந்த நாடுகளில் சராசரி 65 சதவிகிதத்தினர் ஒப்புக்கொண்டார்கள். பக்கத்துப் பிள்ளையின் கருவியால் கவனம் கலைந்தவர்கள், மற்றவர்களைவிட 15 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். தன் கருவி அன்று, பக்கத்துப் பிள்ளையின் கருவி என்பதைக் கவனிக்க வேண்டும். மலேசிய மாணவர்களின் கணிதப் புள்ளியும் 2018-இல் 440 ஆக இருந்தது 2022-இல் 409 ஆக இறங்கிற்று. இதற்குக் கருவியைக் குறை சொல்வது நியாயமாகாது. பள்ளி அடைப்பே பெருங்காரணமாக இருக்கலாம். ஆனால் திரை மட்டுமே ஆசிரியரின் இடத்தை நிரப்பிவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இதில் பாடம் உண்டு.

நாம் கருவிக்கு விரோதிகள் அல்லோம். இறங்கிய முதல் வஹீயிலேயே எழுதுகோலைப் பற்றிய பேச்சு வருகிறது; எழுதுகோலும் ஒரு கருவிதானே! எமது கருத்து வேறு. எதிரே கல்லாவண்டை நிற்கும் வாடிக்கைக்காரரிடம் யாரும் தொலைபேசியில் பேசுவதில்லை. நாகப்பட்டினத்துச் சரக்குக்காரரிடம் பேசத்தான் தொலைபேசி வேண்டும். தூரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இக்கருவிக்கு வேலை.

நம் சமுதாயத்துக்கு அப்படி ஒரு தூரம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள்; கடைப் பலகையில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னால் விழிப்பார்கள். தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழைத் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பூச்சோங்கில் மூவர், ஷா ஆலத்தில் நால்வர், அம்பாங்கில் இருவர் என்று நம் பிள்ளைகள் சிதறிக் கிடக்கும்போது பதினைந்துக்கு எங்கே போவது? இங்கேதான் திரை கை கொடுக்கும். நல்ல தமிழாசிரியர் ஒருவரை ஊதியம் கொடுத்து அமர்த்தி, வாரம் இரு மாலைகள் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம்; மாதம் ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நேரில் கூட்டலாம். இருபது டேப்லெட் வாங்கும் பணத்தை ஆசிரியர் ஊதியத்துக்கு ஒதுக்குவதே லாபம் என்று நம் சங்கத்தாரிடம் அடித்துச் சொல்வோம். கருவி மூன்றாண்டில் பழசாகிவிடும். தமிழ் படித்த பிள்ளை தன் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கும்.

இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. கணினியில் தமிழை எழுத வைத்த முன்னோடிகளுள் ஒருவர் இந்நாட்டவரான முத்து நெடுமாறன். அவருடைய முரசு அஞ்சல் செயலி 1985-இல் உருவானது. 2001-இல் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரிலேயே நடந்தது. அப்படியிருக்க, நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டிருப்பது நமக்கு உறுத்துகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை சில. பிள்ளைக்குக் கல்வியமைச்சு ஒதுக்கியுள்ள டெலிமா கணக்கு, எம் என்னும் எழுத்தோடு சில எண்களைக் கொண்டது. மறந்துவிட்டால் வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. வாரம் ஒருமுறை பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆசிரியர் என்ன வேலை கொடுத்திருக்கிறார், எது பாக்கி நிற்கிறது என்று அதில் பாருங்கள். மலாய் சரியாக வாசிக்க வராதவர்கள் பிள்ளையையே வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லலாம். அதுவே அதற்கு ஒரு பரீட்சை. கடைக் கைப்பேசி வேறு, படிப்புக் கைப்பேசி வேறு என்று பிரித்துவிடுவது உத்தமம். படுக்கையறைக்குள் கருவியை விடவேண்டாம். இரவில் அது கல்லாப்பெட்டிச் சாவியோடு அத்தாவிடமே இருக்கட்டும்.

கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கத் தெரியாதவர்கள் "அமைப்பு" பகுதிக்குள் "விசைப்பலகை" என்ற இடத்தைத் திறந்து தமிழைத் தேர்ந்தால் போதும். அதன்பின், ஊரிலிருக்கும் பாட்டிக்குப் பிள்ளையின் கையாலேயே தமிழில் நான்கு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.