சாக்கு சொன்னால் சனி விலகுவாரா?

வேண்டுதலைத் தள்ளிப்போடுவோம், பிறர் மனம் நோகப் பேசுவோம். கேட்டால், 'எனக்கு ஏழரைச் சனி!' என்று பழியை அவர் மேல் போட்டுவிடுவோம்.

தேனி மாவட்டம் குச்சனூரில், சுரபி நதிக்கரையில் சுயம்புவாக அருள்கிறார் சனீஸ்வரர். வளர்ப்புத் தந்தை தினகரன் சனி தோஷத்தால் வாடியபோது, இரும்பில் சனீஸ்வரர் உருவம் செய்து வழிபட்டான் சந்திரவதனன். 'முன்வினைக்கேற்பவே துன்பம்' என்றார் பகவான். அவன் சாக்கு சொல்லவில்லை. 'அதை எனக்குக் கொடுங்கள்' என்றான். பகவான் மனம் இரங்கினார் என்கிறது தல வரலாறு.

ஆடி சனிக்கிழமைகளில் இங்கு திருவிழா விசேஷம். தரிசிக்கச் செல்லுமுன், உங்களால் மனம் நொந்தவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். நிலுவையில் உள்ள நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள். பிறகு ஏற்றும் எள் தீபத்துக்கு நிச்சயம் பலன் உண்டு!