இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

"உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் எப்போதோ படித்ததைத்தான் சொல்வார்கள். கோவில்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் பேச ஆரம்பித்தபோது முதலில் எழுந்த கேள்வி அதுதான். பொன்னியின் செல்வன், மோகமுள், ஒரு புளியமரத்தின் கதை என்று நல்ல நல்ல பெயர்களாக வந்து விழுந்தன. பேச்சு மட்டும் அதற்கு மேல் நகரவில்லை. படித்து இருபது வருஷம் ஆன நாவலில், நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறென்ன நினைவிருக்கும்?

எங்களோடு இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்தான் கேள்வியை மாற்றினார். "அதெல்லாம் இருக்கட்டும். இப்பக் கையில என்ன வச்சிருக்கீங்க? எந்தப் பக்கத்துல நிக்கீங்க?" அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். பாதி படித்த புத்தகத்தைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடுத்து என்ன ஆகுமோ என்கிற தவிப்பும், இந்த ஆள் ஏன் இப்படிச் செய்தான் என்கிற கோபமும் அப்படியே சூடாக வரும். கேட்பவருக்கும் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போகத் தோன்றும். நண்பர்களோடு சேர்ந்து வாசிக்க நினைப்பவர்களுக்கு முதலில் நான் சொல்வது இதுதான்: முடித்த புத்தகத்தை விட்டுவிட்டு, நடுவில் நிற்கும் புத்தகத்தைப் பேசுங்கள்.

செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி 'அசுரன்' படம் பார்த்துவிட்டு பூமணியின் 'வெக்கை'யை எடுத்தான். படம் வந்தது 2019இல், நாவல் வந்தது 1982இல். "படத்துல வர்ற ஃபிளாஷ்பேக்கை இதுல தேடிக்கிட்டே இருக்கேன் சார், காணோம்" என்றான் முதல் வாரம். அடுத்த வாரம் அந்தத் தேடலே அவனுக்கு மறந்துபோயிருந்தது. தலைமறைவாகத் திரியும் தகப்பனும் மகனும் காட்டில் கிடைப்பதைச் சமைத்துச் சாப்பிடும் பகுதிக்கு வந்திருந்தான். "கொலை பண்ணிட்டு வந்த பையன்ங்கிறதே மறந்துபோச்சு. எனக்குப் பசிக்குது" என்றான். நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. விமரிசனக் கட்டுரை எதையும் படிக்காமல், தன் வயிற்றைக் கொண்டே அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

அதனால் கதைச் சுருக்கம் வேண்டாம் என்பது எங்களிடையே எழுதாத விதியாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தைச் சொன்னால் போதும். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். 'அன்பளிப்பு', கு. அழகிரிசாமி, சாகித்திய அகாதெமி, 1970 என்று வினா விடையாக மட்டுமே அவளுக்கு அது தெரியும். அழகிரிசாமி பக்கத்து இடைசெவல்காரர் என்று யாரோ சொல்லப்போய் அந்தக் கதையைத் தேடிப் படித்தாள். புத்தகத்துக்காக ஒரு வீட்டையே சூறையாடும் குழந்தைகளைப் பற்றிச் சொல்லி, அவர்களில் ஒதுங்கி நிற்கும் சாரங்கன் என்கிற பையனிடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். "மிச்சத்தை நீங்களே படிச்சுக்கோங்க. எனக்குச் சொல்ல முடியல." அந்த வாரம் எங்களில் அநேகமாக எல்லோருமே அந்தக் கதையைப் படித்தோம். அவள் முடிவைச் சொல்லியிருந்தால் ஒருவர்கூடப் படித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

தேர்வுக்கு வாசிப்பதையும் சமையல் குறிப்பையும் வாரப் பத்திரிகைத் தொடரையும் வாசிப்பில் சேர்க்கலாமா என்று ஆரம்பத்தில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும், காதால் கேட்பதையும்கூட. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பொன்னியின் செல்வனைக் காதில் கேட்கிறார். கை வேலையில் இருக்க, ஹெட்செட்டில் வந்தியத்தேவன். "கோடிக்கரையில பூங்குழலியோட படகுல ஏறி இலங்கைக்குக் கிளம்பிட்டான், அதோட வேலை முடிஞ்சு மணி அடிச்சுட்டாங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு ஒன்று தோன்றியது. கல்கி அதை 1950இலிருந்து 1954 வரை வாரத் தொடராக எழுதினார். காத்திருந்து, அடுத்தவரிடம் பேசி, ஊகித்து, மறுபடி காத்திருந்து வாசித்த அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த சுகம், ஐந்து பாகத்தையும் விடுமுறையில் ஒரே மூச்சில் முடித்த எனக்குக் கிடைத்ததில்லை. அது இந்த அக்காவுக்குத்தான் கிடைக்கிறது.

வட்டார வழக்கில் எழுதிய நாவல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண் சோ. தர்மனின் 'சூல்' எடுத்தார். 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். உருளைக்குடிக் கண்மாய்தான் அதன் மையம். இரண்டு வாரமாக ஆரம்பப் பக்கங்களைத் தாண்ட முடியவில்லை என்றார். மடை, கலிங்கு, கரம்பை என்று சொல்லுக்குச் சொல் இடறுகிறதாம். அன்றைக்குப் பேத்தியை அழைத்துப்போக வந்திருந்த ஒரு விவசாயி அண்ணாச்சி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாவல் படிக்கும் பழக்கமே இல்லாதவர். "கலிங்கு தெரியாதா தாயி?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்மாய் பெருகினால் கரை உடையாமல் மிச்சத் தண்ணீர் எப்படிக் கலிங்கு வழியாக மறுகால் பாயும், அது அடுத்த ஊர்க் கண்மாய்க்கு எப்படிப் போய்ச் சேரும், கண்மாயில் படிந்த கரம்பை மண்ணைக் கோடையில் அள்ளி ஏன் வயலில் போடுவார்கள் என்று தரையில் விரலால் கோடு போட்டே காட்டினார். பிறகு அவரையே ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னோம். தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தார். ஆனால் உரையாடல் வந்ததும் குரல் தானாக ஏறி இறங்கியது. அச்சில் புரியாமல் கிடந்தது அவர் வாயிலிருந்து வந்தபோது எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பெண் நாவலை முடித்துவிட்டார். இப்போது அது அண்ணாச்சியிடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று போகிறார், அவசரமே இல்லை.

வட்டார வழக்குப் பிடிபடவில்லை என்று ஒரு நாவலை மூடி வைப்பதற்கு முன்னால், அந்த மண்ணில் பிறந்த ஒருவரை ஒரே ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கென்றே ஓர் அகராதி தொகுத்திருக்கிறார், அதுவும் உதவும். ஆனாலும் குரல் செய்கிற வேலையை அகராதி செய்யாது.

பெரிய புத்தகத்துக்கும் இந்த வாராந்தரப் பேச்சு நல்ல துணை. பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அதை மாதக்கணக்கில் படித்தார். வாரா வாரம் எதுவரை வந்தார் என்று சொல்வார்; ஆண்டி, மாரி இருவரின் சிறுவயது நட்பில் தொடங்கி, 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் நடந்த கலவரங்கள் வரை நாங்களும் கூடவே நடந்தோம். கழுகுமலை எங்களுக்குப் பக்கத்து ஊர். கோயிலுக்கும் சமணச் சிற்பங்களுக்கும் போய்வந்த தெருக்களை அவர் வேறு கண்ணோடு காட்டினார். தனியாகப் படித்திருந்தால் நடுவில் நிறுத்தியிருப்பேன் என்று அவரே சொன்னார்.

நிறுத்துவதும் தப்பில்லை. 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலைப் பாதியில் வைத்துவிட்டதாக ஒருவர் சொன்னபோது, ஏன் என்று கேட்டோம். கதை எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன் என்றார். டைரிக் குறிப்பைப் படிப்பதுபோல நாளைக்கு இரண்டு பக்கம் மட்டும் படித்துப் பாருங்கள் என்று இன்னொருவர் சொன்னார். பாதியில் வைத்தவர் அதற்குப் பிறகும் படிக்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்ட மூன்றாவது ஆள் எடுத்துப் படித்தார்.

இரவல் விஷயத்தில் ஒன்றே ஒன்று: யாரிடம் எது இருக்கிறது என்று பொது நோட்டில் எழுதி வையுங்கள். மனஸ்தாபம் வராது.

நான் இப்போது தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யில் இருக்கிறேன். குடும்பப் பெருமையைப் பேசிக்கொண்டே வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் முஸ்தபாக்கண்ணு மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அதே சமயம் அவரை விட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை. தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. குமரி மாவட்டத்திலிருந்து இங்கே மாற்றலாகி வந்திருக்கும் சார் ஒருவர், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓர் அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அடுத்த பக்கத்தைத் திருப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன்.