எஸ்ஐபி ஷீட் தானாவே வரிசைக்கு வரணுமா? ஒரு சின்ன மேக்ரோ போதும்

எஸ்ஐபி கணக்கை எக்செல்-ல வைக்கிறவங்க நிறைய பேர் மாசாமாசம் புது என்ட்ரியைக் கடைசியில சேர்த்துட்டு, கையாலேயே வரிசைப்படுத்துறாங்க. இதை மேக்ரோகிட்ட விட்டுடலாம். கோடிங் தெரிய வேண்டாம்.

வரிசை ஏன் முக்கியம்?

ஒரு ஃபோலியோவுல யூனிட் விற்கும்போது, முதல்ல வாங்கினது முதல்ல விற்றதாகத்தான் கணக்கு. ஈக்விட்டி ஃபண்டில் ஒவ்வொரு தவணைக்கும் 12 மாதம் தனித்தனியா ஓடும். 12 மாதம் தாண்டினால் நீண்டகால லாபம்: வருஷத்துக்கு ரூ.1.25 லட்சம் வரை வரி இல்லை, அதுக்கு மேல் 12.5%. தாண்டலைன்னா 20%.

ஜனவரி 2025-ல இருந்து மாசம் 5-ம் தேதி எஸ்ஐபி போகுதுன்னு வைங்க. 10 மார்ச் 2026 அன்று மூணு தவணைக்கான யூனிட்டை விற்கிறீங்க. 2025 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தவணைகள்தான் போகும், மூணுமே நீண்டகாலம். ஆனா ஷீட்ல தேதி வெறும் எழுத்தா இருந்தா, 05/01/2025-க்கு அடுத்து 05/01/2026 வந்து நிற்கும், அப்புறம்தான் 05/02/2025. ரெண்டே மாதம் ஆன தவணை நடுவுல நுழைஞ்சிடும். கணக்கு அங்கேயே தப்பு.

படி 1: தேதி நிஜமான தேதியா?

தேதி காலத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட்டை லாங் டேட்-னு மாத்துங்க.

- எதுவும் மாறலைன்னா அது எழுத்து. டேட்டா → டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், மூணாவது திரையில் டேட், டிஎம்ஒய் கொடுத்து ஃபினிஷ் பண்ணுங்க.
- ஜனவரி 5 என்பது மே 1-னு மாறி வந்தா, கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் படிக்குது. விண்டோஸ் ரீஜன் செட்டிங்கை இந்தியாவுக்கு மாத்திட்டு டேட்டாவைத் திரும்ப எடுங்க.

படி 2: டேபிள் ஆக்குங்க

டேட்டாவுக்குள்ள ஒரு செல்லை க்ளிக் பண்ணி கன்ட்ரோல் + டி. இதை விட்டுட்டு ரெக்கார்ட் பண்ணினா, இன்னைக்கு இருக்கிற வரிகளை மட்டும்தான் மேக்ரோ நினைவு வைக்கும். அடுத்த மாச என்ட்ரி வெளியே நிற்கும். டேபிள்னா புது வரியும் தானா உள்ளே வந்துடும். முழு வரியும் சேர்ந்தே நகரும் என்பதால், ஒரு ஃபண்டோட தொகை இன்னொரு ஃபண்டுக்குப் போகாது.

படி 3: ரெக்கார்ட் பண்ணுங்க

1. வியூ → மேக்ரோஸ் → ரெக்கார்ட் மேக்ரோ.
2. பெயராக ஆங்கில எழுத்துல ஆட்டோ, அண்டர்ஸ்கோர், ஓபன் - இடைவெளி இல்லாம. இந்தப் பெயர் வச்சா ஃபைல் திறக்கும்போதே மேக்ரோ ஓடும்.
3. டேட்டா → ஸார்ட். முதல் லெவல் ஃபண்ட் பெயர், அடுத்த லெவல் தேதி, பழையது முதலில். ஓகே.
4. மறுபடி மேக்ரோஸ் → ஸ்டாப் ரெக்கார்டிங்.
5. சேவ் ஆஸ் போய், மேக்ரோ எனேபிள்டு ஒர்க்புக்-ஆகச் சேமிங்க. சாதாரண ஃபைலாகச் சேமிச்சா மேக்ரோ தங்காது.

நடுவுல எப்ப வேணும்னாலும் ஓட்டணுமா? இன்சர்ட் → ஷேப்ஸ்-ல ஒரு கட்டம் வரைஞ்சு, ரைட் க்ளிக், அசைன் மேக்ரோ. பட்டன் ரெடி.

மறக்கக் கூடாத மூணு விஷயம்

- மேக்ரோ ஓடின பிறகு கன்ட்ரோல் + இசட் வேலை செய்யாது. அதனால முதல்லயே வரிசை எண் காலம் ஒண்ணு போட்டு வைங்க. பழைய வரிசை வேணும்னா அதை வச்சு திரும்பலாம்.
- ஷீட் பெயரையோ காலம் தலைப்பையோ பின்னாடி மாத்தினா மேக்ரோ எரர் காட்டும்.
- திறக்கும்போது மேல மஞ்சள் பட்டை வரும். உங்க சொந்த ஃபைலுக்கு மட்டும் எனேபிள் கொடுங்க. வாட்ஸ்ஆப்ல, மெயில்ல வந்த தெரியாத ஃபைலுக்குக் கொடுக்காதீங்க.

விற்ற பிறகு கேம்ஸ், கேஃபின்டெக்-ல கேப்பிடல் கெயின் ஸ்டேட்மென்ட் கிடைக்கும். ரிட்டர்ன் போடும் முன்னாடி அதோட ஒத்துப் பாருங்க. ஆனா எந்தத் தவணை ஒரு வருஷம் தாண்டிடுச்சுன்னு விற்கும் முன்னாடியே தெரிஞ்சாதான் வரி மிச்சம். அதுக்குத்தான் இந்த ஷீட். இன்னைக்கே படி 1 மட்டுமாவது செஞ்சு பாருங்க.