பழைய ஜிபிஎஸ் கருவிக்குப் புளூடூத் பூட்டுவது எப்படி?

2000 ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதுவரை நூறு மீற்றர் அளவுக்குத் தடுமாறிய கைக்கருவிகள், ஒரே இரவில் பத்துப் பதினைந்து மீற்றருக்குள் இடம் காட்டத் தொடங்கின. கார்மின் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ் சந்தைக்கு வந்ததும் அந்த ஆண்டில்தான். இரண்டு ஏஏ பற்றரிகள் போட்டால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. அப்படியான கருவிகள் பல இன்னும் பழுதில்லாமல் அலுமாரிகளில் கிடக்கின்றன.

கருவியில் குறை இல்லை. அது சொல்வதை இன்றைய கைபேசி கேட்க வழி இல்லாததுதான் குறை. இலங்கையின் வன்னியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் வட்டக்கச்சியில், 2018 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று மறுபடி வந்தால் எந்த வயல்வரை தண்ணீர் ஏறியது, எந்த இடத்தில் வாய்க்கால் உடைந்தது என்பதை ஒரு கமக்காரர் அமைப்பே பதிந்து வைக்கலாம். திரையில் தெரியும் இலக்கங்களைக் கொப்பியில் எழுதி, பிறகு கணினியில் தட்டினால் ஓர் இலக்கம் மாறினாலும் உடைப்பு அடுத்த ஊருக்குப் போய்விடும். புளூடூத் பூட்டினால் அந்தப் பிழைக்கு இடமில்லை.

எல்லாருக்கும் இந்த வேலை தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிய கைபேசிகள் அமெரிக்கச் செயற்கைக்கோள்களோடு ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செயற்கைக்கோள்களையும் கேட்கின்றன. திறந்த வெளியில் பழைய ஈட்ரெக்ஸை விட அவை நன்றாகவே இடம் காட்டும். புளூடூத் பூட்டுவதால் துல்லியம் ஓர் அங்குலமும் கூடாது. ஜிபிஎஸ் இல்லாத வைஃபை டப்லெட்டை வைத்திருக்கும் பள்ளிக்கூடம் அல்லது சங்கத்துக்கும், நாள் முழுக்க வயலில் நின்று கைபேசிப் பற்றரியை மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கும் இது உண்மையான பயன் தரும்.

முதலில் கருவியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஈட்ரெக்ஸில் இறப்பர் மூடியைத் தூக்கினால் நான்கு தட்டையான தொடுமுனைகள் இருக்கும். ஜிபிஎஸ் 12, ஜிபிஎஸ் 72, ஜிபிஎஸ் 76 ஆகியவற்றில் நான்கு ஊசி கொண்ட வட்டச் செருகி. இவை சீரியல் துறைகள். இந்த வழிக்குப் பொருந்தும். யுஎஸ்பி துறை மட்டும் உள்ள விஸ்டா எச்சிஎக்ஸ், லெஜன்ட் எச்சிஎக்ஸ் போன்ற பிந்திய ஈட்ரெக்ஸ்களுக்கு இது சரிவராது. ஜிபிஎஸ்மாப் 60சிஎஸ்எக்ஸில் இரண்டு துறையும் இருப்பதால் அதன் சீரியல் துறையைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது அமைப்பு. கருவியின் இன்டர்பேஸ் பக்கத்துக்குப் போய், கார்மின் என்று இருப்பதை என்எம்இஏ என்று மாற்ற வேண்டும். வேகம் 4800 ஆக இருக்க வேண்டும். மப் டேட்டம் என்ற இடத்தில் டபிள்யூஜிஎஸ் 84 இருக்கிறதா என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும். இலங்கை வரைபடங்களுக்காக யாராவது முன்பு அதைக் கந்தவல என்று மாற்றி வைத்திருந்தால், கைபேசி வரைபடத்தில் புள்ளி இருநூறு மீற்றர் அளவுக்குத் தள்ளி விழும். ஒரு வயலையே தாண்டிவிடும் தூரம் அது.

வாங்க வேண்டியவை: கருவிக்கான சீரியல் கேபிள், எச்சி-05 என்ற புளூடூத் மொட்யூல், மக்ஸ்3232 சிப் உள்ள சிறு பலகை, 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடைகள், மூன்று ஏஏ பற்றரி போடும் பெட்டி, எச்சி-05ஐக் கணினியில் பொருத்த ஒரு யுஎஸ்பி-ரிரிஎல் மாற்றி. நடுவில் மக்ஸ்3232 எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கருவி அனுப்புவது பழைய ஆர்எஸ்-232 முறைச் சமிக்ஞை. எச்சி-05 எதிர்பார்ப்பதற்கு அது தலைகீழானது. இந்தச் சிப்தான் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. இதை விட்டுவிட்டு நேரே இணைத்தால் கைபேசியில் குப்பை எழுத்துகள்தான் வரும்.

கம்பி வேலைக்கு முன்பே எச்சி-05இன் வேகத்தை மாற்றிக்கொள்வது நல்லது. கடையிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் 9600இல் இருக்கும். மொட்யூலில் உள்ள சிறு பொத்தானை அழுத்தியபடி மின் கொடுத்தால், அதன் விளக்கு ஏறத்தாழ இரண்டு செக்கனுக்கு ஒரு முறை ஆறுதலாக மினுங்கும். கட்டளை நிலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கணினியின் டெர்மினல் நிரலை 38400 வேகத்தில் திறந்து, ஏடி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டினால் ஓகே என்று பதில் வர வேண்டும். பிறகு ஏடி+யுஏஆர்டி=4800,0,0 என்ற கட்டளை. இதையும் ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் தட்ட வேண்டும். பதிலே வராவிட்டால், வரி முடிவில் சிஆர், எல்எஃப் இரண்டும் போகின்றனவா என்று டெர்மினல் அமைப்பில் பார்க்கலாம். கையில் இருப்பது எச்சி-06 என்றால் கட்டளைகள் வேறு. வாங்கும்போதே பெயரைக் கவனித்து வாங்க வேண்டும்.

இனி இணைப்பு. தகவல் ஒரு திசையில், கருவியிலிருந்து கைபேசிக்கு மட்டும் போனால் போதும். ஆகவே கேபிளின் ஒன்பது ஊசிச் செருகியில் இரண்டு முனைகள்தான் வேண்டும்: 2 ஆம் இலக்கம் தகவல், 5 ஆம் இலக்கம் நிலமுனை. 2 ஆம் முனையிலிருந்து வரும் கம்பியை மக்ஸ்3232 சிப்பின் 13 ஆவது காலுக்கு ஈயம் பற்றவைக்க வேண்டும். பலகையில் உள்ள ஒன்பது ஊசிச் செருகியில் அப்படியே குத்த முடியாதா என்றால், பெரும்பாலான பலகைகளில் கேபிளைப் போலவே பெண் செருகிதான் இருக்கும். அதோடு 2, 3 ஆம் முனைகள் மாறியும் இருக்கும். நேரே ஈயம் வைப்பதே சுகம். சிப்பின் 12 ஆவது காலிலிருந்து 1 கிலோ ஓம் தடை வழியாக எச்சி-05இன் ஆர்எக்ஸ்டி முனைக்கு ஒரு கம்பி. அதே ஆர்எக்ஸ்டி முனையிலிருந்து நிலமுனைக்கு 2 கிலோ ஓம் தடை. மூன்று பற்றரிகள் தரும் 4.5 வோல்ற்றை இந்த இரண்டு தடைகளும் 3 வோல்ற்றுக்கு இறக்கிவிடும். அந்த முனை 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல.

பற்றரிப் பெட்டியின் நேர்முனை பலகைக்கும் எச்சி-05க்கும் போகும். எதிர்முனைகள் எல்லாம் கேபிளின் 5 ஆம் முனையோடு ஒன்றாகச் சேர வேண்டும். கருவியின் மின் முனையை மட்டும் தொடவே கூடாது: பழைய ஈட்ரெக்ஸ் வெளியிலிருந்து 3 வோல்ற்தான் ஏற்கும், யுஎஸ்பியின் 5 வோல்ற்றைக் கொடுத்தால் கருவி போய்விடும். பவர் பாங்கும் இதற்கு ஒத்துவராது. இந்தச் சுற்று இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், பல பவர் பாங்குகள் சற்று நேரத்தில் தாமாகவே நின்றுவிடும்.

எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைக்கலாம். தகரப் பெட்டி வேண்டாம், அது புளூடூத் அலையை அடைத்துவிடும்.

கைபேசி அன்ட்ராய்டாக இருக்க வேண்டும். ஐபோன் இந்த வகைப் புளூடூத்தோடு பேசாது. புளூடூத் அமைப்பில் எச்சி-05ஐத் தேடி, 1234 என்ற குறியீட்டைக் கொடுத்து இணைத்தபின், சீரியல் புளூடூத் டெர்மினல் போன்ற ஒரு செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். டாலர் குறியில் தொடங்கி, ஜிபிஆர்எம்சி, ஜிபிஜிஜிஏ என்ற வரிகள் ஓடினால் வேலை முடிந்தது போலத்தான். ஜிபிஆர்எம்சி வரியில் நேரத்துக்கு அடுத்து ஏ என்ற ஆங்கில எழுத்து வந்தால் இடம் கிடைத்துவிட்டது; வி வந்தால் கருவி இன்னும் வானத்தில் தேடிக்கொண்டிருக்கிறது.

அந்த வரியில் வரும் எண்ணைக் கையால் எடுத்து எழுதுபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 0922.5 என்றால் 9 பாகை 22.5 கலை, அதாவது தசமத்தில் 9.375 பாகை. அதை 9.225 என்று எடுத்துக்கொண்டால், வட்டக்கச்சி வயலில் நிற்பவர் 16 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே, மாங்குளம் போகும் திசையில் நிற்பதாக வரைபடம் காட்டும்.

எஸ்டபிள்யூ மப்ஸ், கியூஃபீல்ட் ஆகிய இலவசச் செயலிகள் புளூடூத் வழி வரும் இந்த வரிகளைத் தாமே படித்துப் புள்ளி, கோடு, பரப்பு எல்லாம் பதியும். வேறு செயலிகளுக்கும் இடம் தெரிய வேண்டுமென்றால், டிவலப்பர் ஒப்ஷன்ஸில் மொக் லொகேஷன் என்ற இடத்தில் ஒரு புளூடூத் ஜிபிஎஸ் செயலியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

திகதி பிழையாக வந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஜிபிஎஸ் வார எண் 1024இல் சுற்றித் திரும்புவது 2019 ஏப்ரலில் நடந்தது. அதன்பின் சில பழைய கருவிகள் ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னால் திகதி காட்டுகின்றன. இடம் சரியாகவே இருக்கும். பதிவுக்குக் கைபேசியின் திகதியையே எடுத்துக்கொள்ளலாம்.

காணி எல்லைத் தகராறுக்கு இந்தப் புள்ளிகள் சாட்சியாகாது. அதற்கு அனுமதி பெற்ற நில அளவையாளர் வேண்டும். வன்னிக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற நிறுவனங்கள் 2002 இலிருந்து மிதிவெடி அகற்றி வந்தும் வேலை உடனே முடிந்துவிடவில்லை. பதினைந்து மீற்றர் தவறக்கூடிய ஒரு புள்ளியை நம்பி, மண்டையோட்டுப் பலகை நட்ட காணியின் ஓரத்துக்கு யாரும் போகக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிவந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.