மிருகப் படப் புதிர்: விடை காண்போம், நாமும் செய்வோம்



ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், படம் பார்த்து யோசிக்கும் கேள்விகளையும் பழக வேண்டும். "எங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று தாய்மார் பலர் கேட்கிறார்கள். படப் புதிருக்கு எழுத்து தேவையில்லை, யோசனைதான் தேவை. இதை எங்களுக்கே ஒரு தாய்தான் படிப்பித்தார்.

சிறுவர் தினத்துக்கு நாங்கள் ஒரு போட்டி வைத்தோம். காகம், மைனா, கோழி, வௌவால் என்று 4 படங்கள். "இதில் சேராதது எது?" என்று கேட்டோம். வௌவால் என்பது எங்கள் விடை. அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும், மற்றவை முட்டையிடும். ஒரு சிறுமி கோழியைக் காட்டினாள். பிழை என்று போட்டுவிட்டோம்.

மறுநாள் கொழுந்து நிறுத்த பிறகு அவளுடைய அம்மா வந்தார். "ஐயா, கோழி மட்டுந்தானே நம்ம வீட்டுல வளர்க்கிறது? மத்ததெல்லாம் தானா திரியுறது. புள்ள சொன்னதுல என்னா பிழை? ராத்திரி பூரா அழுதுச்சுங்க" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. பிழை பிள்ளையிடம் இல்லை, நாங்கள் செய்த புதிரில்தான் இருந்தது. அந்தப் பிள்ளைக்கும் பரிசு கொடுத்தோம். ஒரு புதிருக்கு ஒரே விடைதான் வர வேண்டும் என்பதை அன்று படித்துக்கொண்டோம்.

சரி, இப்போது நாமே ஒன்று செய்வோம். பிஸ்கட் பெட்டி மட்டையில் 3 துண்டு வெட்டுங்கள். மாடு, ஆடு, கோழி ஆகிய படங்களை வரையுங்கள். தரையில் 3 கட்டம் கீறுங்கள். எந்தக் கட்டத்தில் எது? குறிப்புகள் இவை:

1. ஆடு நடுவில் இல்லை.
2. இடது பக்கமிருந்து பார்த்தால், மாடு கோழிக்கு முன்னால் வரும்.
3. ஆடு முதல் கட்டத்தில் இல்லை.

மூன்று படங்களையும் மாற்றி மாற்றி வைத்தால் மொத்தம் 6 விதமாக வைக்கலாம். முதற் குறிப்பு 2 விதத்தைத் தள்ளிவிடும், மீதி 4. இரண்டாம் குறிப்பு இன்னும் 2 விதத்தைத் தள்ளும், மீதி 2. மூன்றாவதில் ஒன்றுதான் மிஞ்சும்: மாடு, கோழி, ஆடு. இந்த மூன்றில் எந்தக் குறிப்பை விட்டாலும் இரண்டு விடை வந்துவிடும். வைத்துப் பாருங்கள்.

புதிர் செய்யும்போது முதலில் விடையைத் தீர்மானியுங்கள். பிறகு குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே விடை மிஞ்சியதும் நிறுத்துங்கள். ஒரு குறிப்பை எடுத்த பிறகும் அதே ஒரு விடைதான் வருகிறதென்றால், அந்தக் குறிப்பு வேண்டாம். பழகிய பிறகு 4 மிருகம் வைக்கலாம். அப்போது 24 விதம் வரும், கவனம்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வேறு விடை சொன்னால் உடனே "பிழை" என்று சொல்லாதீர்கள். "ஏன்?" என்று கேளுங்கள். காரணம் சரியென்றால் பிள்ளையைத் தட்டிக் கொடுங்கள், புதிரைத் திருத்துங்கள். நாங்களும் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.