போர் ஓய்ந்தபின் விதைநெல் எங்கிருந்து வரும்?

விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிட்ட குடியானவர் அடுத்த பட்டத்திற்கு என்ன செய்வார்? 1979இல் கம்போடியாவில் ஏறக்குறைய ஒரு நாடே இந்நிலையில் இருந்தது.

1960களில் அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. உள்நாட்டுப் போரும், 1975 முதல் 1979 ஜனவரி வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியும் அதைச் சீரழித்தன. நகர மக்கள் கிராமங்களுக்கு விரட்டப்பட்டு வயலில் இறக்கப்பட்டனர். எக்டருக்கு 3 டன் நெல் விளைய வேண்டுமென ஆணை பிறந்தது. பழைய வரப்புகளை அழித்து, மேடு பள்ளம் பாராமல் சதுரச் சதுரமாக வயல்கள் வகுத்தார்கள். விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்குக் காட்டியதில், உழைத்தவர் உண்ண வேண்டியதும் போயிற்று. பட்டினி, நோய், கொலை ஆகியவற்றால் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆட்சி வீழ்ந்தபின் மக்கள் ஊர் திரும்பியபோது குதிரில் நெல்லில்லை; ஏரில் பூட்ட மாடும் போதவில்லை. 1980இல் தாய்லாந்து எல்லையிலுள்ள நாங் சான் என்னுமிடத்திற்கு ஆயிரக்கணக்கானோர் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்து நிவாரண விதைநெல் பெற்றுச் சென்றனர்.

ஏதோ ஒரு நெல் கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அங்கே நெல் நிலத்தில் பெரும்பகுதி மானாவாரி. மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகி, டோன்லே சாப் ஏரி பல மடங்கு விரியும். ஏரியோரப் பள்ளத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நீர் நிற்கும். நீர் ஏற ஏறத் தானும் நீண்டு வளரும் மிதவை நெல்தான் அங்கு பிழைக்கும். நம் மடுமுழுங்கிக்கு அண்ணன் எனலாம். நடுத்தர நிலத்திற்கு வேறு ரகம், மேட்டுக்கு வேறு. இவற்றில் பல, பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும். சம்பா ரகத்தைக் குறுவையில் விதைத்துவிட்டு, எப்போது கதிர் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நல்ல வேளையாக, போர் முற்றுமுன் 1970களின் தொடக்கத்தில் கம்போடிய ரகங்கள் சேகரிக்கப்பட்டு, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விதைக் களஞ்சியத்தில் குளிரில் வைக்கப்பட்டிருந்தன. நமக்கு ஐ.ஆர்.8 தந்த அதே நிலையம்தான். 1980களில் அங்கிருந்து 700க்கும் மேற்பட்ட ரகங்கள் பிறந்த மண்ணுக்குத் திரும்பின.

ஆனால் ஒரு சிறு பொட்டலம் விதையைப் பெருக்கி ஊருக்கெல்லாம் கொடுப்பது ஒரு பருவத்தில் முடிகிற வேலையல்ல. இதற்கென 1987இல் ஆஸ்திரேலிய அரசின் உதவியுடன் ஒரு திட்டம் தொடங்கியது. பாசன வசதியுள்ள கோடை நிலத்திற்கு 1990இல் ஐ.ஆர்.66 போன்ற குறுகிய கால ரகங்களை வெளியிட்டார்கள். மானாவாரி நிலத்திற்கு அவர்கள் வெளியார் விதையைத் திணிக்கவில்லை. இதைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். நாட்டு ரகங்களில் நல்ல கதிர்களைப் பொறுக்கி, ஒவ்வொரு கதிரின் மணிகளையும் தனி வரிசையாக விதைத்து, கலப்பில்லாத சிறந்த வரிசைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர் இளைஞர்களையும் இதில் பயிற்றுவித்தார்கள். படித்த வேளாண்மை அலுவலர்களில் பலரை நாடு இழந்திருந்தது.

1995இல் கம்போடியா மீண்டும் அரிசியில் தன்னிறைவு கண்டது. பொறுக்கு முறையில் நாட்டு நெல்லிலிருந்து பிரித்தெடுத்த மணமுள்ள ‘ப்கா ரும்துவோல்’, 2012இல் உலகின் சிறந்த அரிசியெனப் பரிசு பெற்றது.

இருப்பினும், வடமேற்கே பட்டாம்பாங் பகுதியில் புதைத்த கண்ணிவெடிகள் முழுவதும் இன்னும் அகற்றப்படவில்லை. அங்கே விதை இருந்தும், மழை பெய்தும், வெடி எடுப்பவர் வந்து பார்க்கும்வரை ஏர் இறங்காத நிலம் இருக்கிறது.